மீதி

எங்கள் ஊரில் செத்தவர்களுக்கு இரட்டைப்படை,
உயிரோடிருப்பவர்களுக்கு ஒற்றைப்படை.
பூ விற்க இந்த ஒரு கணக்குத் தெரிந்தால் போதும்.
டிசம்பர் ஏழு அன்று
விடிவதற்கு முன்பே கார்னேஷன்களை
இரண்டிரண்டாய்ப் பிரித்துத் தரையில் கிடத்திவிடுவேன்.
தண்டு நறுக்க நறுக்க விரல் மரத்துப்போகும்.
கியும்ரியின் குளிருக்குத் தாட்சண்யம் கிடையாது.

முப்பத்தைந்தாம் ஆண்டுக்குத்
தலைநகரத்திலிருந்து கேமராக்கள் வந்தன.
சதுக்கத்தின் நடைபாதை ஓரத்துக்கு
இரவோடு இரவாக வெள்ளையடித்தார்கள்.
ஒரு பெண் மைக்கை நீட்டி
"நிலம் அதிர்ந்த அந்தக் கணத்தில் என்ன உணர்ந்தீர்கள்?" என்றாள்.
"பசி" என்றேன்.
ஒளிபரப்பவில்லை.

இது முப்பத்தேழு.
எதனாலும் வகுபடாத எண்ணுக்கு
அமைச்சர்கள் வருவதில்லை.
இந்த வருஷம் எங்களுக்கே எங்களுக்கு.

முதல் ஆள் வர்த்துஹி. எப்போதும் எட்டுப் பூ.
மூன்று பேருக்கு எட்டை எப்படிப் பங்கிடுகிறாள் என்று
நான் கேட்டதில்லை.
அடுத்து முடிதிருத்தும் சொக்ராத்.
இரண்டே வருஷத்துக்கு என்று கொடுத்த தகரப்பெட்டி வீட்டில்
பேரனுக்கும் கல்யாணம் முடித்தவர்.
"கூடுதலாய் நாலு கட்டு" என்றார்.
"யாருக்கு?"
"தற்காலிகம் என்ற சொல்லுக்கு.
பாவம், நம்ம ஊரில்தான் செத்தது."
கடையே சிரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு
சில்லறையை எண்ணினார்கள்.

கூட்டம் கலையட்டும் என்று
பனியில் நின்றிருந்தார் கரேகின்.
உள்ளே வந்து, கையுறையைக் கழற்றி,
"பன்னிரண்டு" என்றார்.
கட்டினேன்.
பிறகு, களவு கேட்பவர்போல,
"தனியே ஒரு ஏழு."

அவர் மகள் லுசாபேர் பிறந்தது
அன்று காலை ஒன்பதரைக்கு.
இரண்டு மணி நேரத்துக்கு மட்டும்
அது வெறும் பிறந்தநாளாக இருந்தது.
பகலில் கல்லறை,
இரவில் திரையை இழுத்துவிட்டுக் கேக்.
பக்கத்துவீட்டுக்குக் கேட்காமல் கைதட்டத்
தெரிந்த குடும்பம் அது.
"ஒரே தாளில் சுற்றிவிடாதே, அம்மா."
சுற்றவில்லை.
ஆனாலும் இரண்டு கைகளிலும் அதே சிவப்பு.
எதிர்க்காற்றில் அவர் போவதைப் பார்த்தேன்,
எந்தக் கை எதற்கென்று
கடைசிவரை எனக்குப் புலப்படவில்லை.

பதினொன்று முப்பதுக்குக் கதவைச் சாத்தினேன்.
நான் கல்லறைக்குப் போவதில்லை.

மூன்றாம் வகுப்பு. ஊருக்கு அப்போது வேறு பெயர்.
கரும்பலகையில் முந்நூற்று நாற்பத்தொன்றை ஏழால் வகுத்து
பாதியில் நிறுத்தினார் தோழர் பெர்ச்சுஹி.
துடைக்கும் துணி காய்ந்துபோயிருந்தது.
"வார்செனிக், ஓடிப்போய் நனைத்துக்கொண்டு வா."
முற்றத்துக் குழாய் உறைந்து முனகியது.
கொஞ்சமாய்த் தண்ணீர் வந்தது,
பிறகு குழாய் கையைவிட்டு நகர்ந்தது,
பிறகு பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் வானம்.
இருபத்தெட்டுப் பேர் நாங்கள்.
மிஞ்சியவர்கள் ஐந்து.
அந்தக் கணக்குக்கும் மீதி ஐந்துதான்
என்பதைப் பெரியவளானபின் ஒரு ராத்திரி
பால் கணக்கு நோட்டின் ஓரத்தில் போட்டுப் பார்த்தேன்.
அதில் அர்த்தம் எதுவும் இல்லை.
இருந்தாலும் அந்தத் தாளைக் கிழிக்க மனம் வரவில்லை.

மணி அடிக்கிறது. பதினொன்று நாற்பத்தொன்று.
தெருவில் வண்டிகள் நிற்கின்றன.
ஒரு நாய் மட்டும் நிற்கவில்லை.

அடித்து ஓய்ந்ததும் தொலைபேசி.
மார்சேயில் இப்போது எட்டு நாற்பத்தொன்று ஆகியிருக்கும்,
அர்ஷலுய்ஸ் பேக்கரியின் பின்பக்கம்
மாவுக் கையோடு நின்றுகொண்டிருப்பாள்.
இரண்டாம் வரிசை, ஜன்னலோரம்;
ஒன்பது மணி நேரம் கல்லுக்கடியில் கிடந்தவள்.
நலமா என்று கேட்க மாட்டாள்.
வருஷத்துக்கு ஒரு தடவை, அதே மிரட்டல் குரலில்,
தோழர் பெர்ச்சுஹியைப்போல மூக்கால் பேசி,
"எவ்வளவு நேரம், வார்செனிக்?
துணியை நனைத்தாயா இல்லையா?"

வாளியில் கை விட்டு
மிஞ்சிய பூக்களை எண்ணாமல் அள்ளியபடி
நானும் வழக்கம்போலச் சொல்கிறேன்:
"இதோ,
வந்துகொண்டே இருக்கிறேன்."